எந்தப் படத்துக்கும் பொருந்துற பாட்டு

கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறீங்களா தம்பி? அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம். எனக்கு அந்தக் கதவு தெரியணும். பச்சைத் திரை தொங்குதுல்ல, அந்தக் கதவுதான். உள்ள என் பிள்ளைக பத்துப் பேரு உக்காந்து எழுதிக்கிட்டு இருக்காங்க. நான் பெத்த பிள்ளைக இல்லை, எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக. பத்தாம் வகுப்பு. என் பேரு ராஜகனி, முத்தலாங்குளம் அரசு உயர்நிலைப் பள்ளியில தமிழ் டீச்சர். பதினஞ்சு வருசமாச்சு.

நான் பேசிக்கிட்டே இருந்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா? சும்மா உக்காந்திருக்க முடியலை. நீங்க இந்தக் கல்வி ஆபீசுக்கு எதுக்கு வந்துருக்கீங்க? மார்க் ஷீட் தொலைஞ்சு போச்சா? அது ஒண்ணும் இல்லை, வாங்கிரலாம். என்னோடது வேற. பதினேழு பி கேள்விப்பட்டிருக்கீங்களா? மெமோவுலேயே பெரிய மெமோ. அது கைக்கு வந்துருச்சுன்னா இன்கிரிமென்ட் நிக்கும், புரமோஷன் நிக்கும், வேலையே போனாலும் போகும். எனக்கு டைப் அடிச்சுத் தயாரா மேஜை மேல வச்சிருக்காங்க. கையெழுத்துதான் பாக்கி. அதைப் போடலாமா வேண்டாமான்னு உள்ள பிள்ளைக எழுதுறதைப் பாத்துட்டு முடிவு பண்ணுவாங்களாம்.

நான் ஒரு தப்பும் பண்ணலை தம்பி. சாமி சத்தியமா. மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைம்பாங்க. என் மடியில ஒரு கனமும் இல்லை. பயம் மட்டும் எங்க இருந்து வருதுன்னு தெரியலை.

நடந்ததைச் சொல்றேன் கேளுங்க. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில ஒரு கேள்வி வரும், நீங்களும் எழுதியிருப்பீங்க. ஒரு படம் போட்டுருப்பாங்க. அதைப் பாத்து நீங்களே சொந்தமா கவிதை எழுதணும். அஞ்சு மார்க். படம் என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. மழை வரலாம், மரம் வரலாம், உழவர் வரலாம், ரயில் வரலாம். எதுன்னு சொல்லிக்குடுக்குறது? அதனால நான் ஒரு பாட்டு எழுதி வச்சிருக்கேன். ஆறு வரி. எந்தப் படத்துக்கும் பொருந்தும். கேக்குறீங்களா?

ஆகா! ஆகா! அழகிய காட்சி!
அன்னைத் தமிழின் அருமை மாட்சி!
கண்கள் இரண்டும் களிப்பில் ஆட
கவலை எல்லாம் பறந்தே ஓட
நெஞ்சம் நிறைந்து நானும் நின்றேன்
நிலமும் வானும் வாழ்க என்றேன்!

எப்படி? இயைபு இருக்கு, மோனை இருக்கு, ஒரு பிள்ளை தடுக்கி விழ முடியாது. பதிமூணு வருசமா இதுதான். மரத்தைப் போட்டாங்க, பொருந்துச்சு. மயிலைப் போட்டாங்க, பொருந்துச்சு. ஒரு வருசம் தாஜ்மகாலைப் போட்டாங்க, அதுக்கும் அம்சமா பொருந்துச்சு. சுத்துப்பட்டு ஏழெட்டுப் பள்ளிக்கூடத்துல என் பாட்டைத்தான் சொல்லிக்குடுக்குறாங்க. என் பேரைச் சொல்ல மாட்டாங்க, அது வேற விசயம். பதிமூணு வருசமும் தமிழ்ல எனக்கு நூத்துக்கு நூறு தேர்ச்சி. ஒரு பிள்ளை ஃபெயில் கிடையாது.

இந்த வருசம் என்ன படம் போட்டாங்க தெரியுமா? செங்கல் காளவாசல். ஒரு சின்னப் பிள்ளை, பத்து வயசு இருக்கும், தலையில செங்கலை அடுக்கிச் சுமந்துக்கிட்டு நிக்கிது. தூரத்துல மத்த பிள்ளைக பையை மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுது. இது அதைப் பாத்துக்கிட்டே நிக்கிது. அழுகுற முகம்.

அதுக்கும் எங்க பிள்ளைக எழுதியிருக்கு. ஆகா ஆகா அழகிய காட்சி. முப்பத்தேழு பேரும். ஒரு எழுத்து மாறலை.

பேப்பர் திருத்துற முகாம்ல எங்க கட்டு யாரோ ஒரு டீச்சர் கைக்குப் போயிருக்கு. முதல் பேப்பரைப் பாத்துச் சிரிச்சாங்களாம். அஞ்சாவது, ஆறாவது பேப்பர்ல பக்கத்து மேஜைக்கும் வாசிச்சுக் காட்டியிருக்காங்க. பத்தாவதுல சிரிப்பு நின்னுருச்சாம். முப்பத்தேழாவது பேப்பர்ல எந்திரிச்சுப் போய் முகாம் அதிகாரிகிட்டக் குடுத்துட்டாங்க. யாரோ ஜன்னல் வழியா சொல்லிக்குடுத்திருக்காங்க, இல்லைன்னா முப்பத்தேழு பேருக்கும் ஒரே பாட்டு எப்படி வரும்னு எழுதிட்டாங்க. அதுவும் இந்தப் படத்துக்கு இந்தப் பாட்டு எப்படி வரும்? படத்தைப் பாக்காத ஆளு வெளிய இருந்து சொன்னாத்தான் இப்படி வரும். அவங்க கணக்கு அப்படி. பரீட்சை நடந்ததும் எங்க பள்ளிக்கூடத்துலேயேதான். அன்னைக்கு நான் பள்ளிக்கூட வாசல்கிட்ட நின்னதை வேற யாரோ பாத்துச் சொல்லிட்டாங்க. நின்னேன், இல்லைங்கலை. பிள்ளைகளுக்குத் திருநீறு பூசி, ஆளுக்கொரு பேனா குடுத்து, கடைசியா ஒரு தடவை பாட்டைச் சொல்ல வச்சு உள்ள அனுப்புனேன். அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் வீட்டுக்குப் போயி பூஜை அறையில உக்காந்துட்டேன்.

முப்பத்தேழு பேருக்கும் ரிசல்ட் வரலை தம்பி. நிறுத்தி வச்சிட்டாங்க. பதினொண்ணாம் வகுப்புச் சேர்க்கை இந்த வெள்ளிக்கிழமையோட முடியுது. தாய் தகப்பனெல்லாம் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. திட்டக்கூட இல்லை. சும்மா நிக்கிறாங்க. திட்டுனாக்கூடத் தாங்கிருவேன்.

என்ன சத்தம் அது? நாற்காலி இழுக்குற சத்தமா? முடிஞ்சுருச்சோ? இல்லை, இல்லை. பக்கத்து ரூம்.

சென்னையில இருந்து ஒரு அம்மா வந்துருக்காங்க விசாரிக்க. வயசு கம்மிதான், ஆனா பார்வை இருக்கே, எக்ஸ்ரே மாதிரி. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"ன்னு கேட்டாங்க. எங்க எச்.எம். அய்யனார் சார் பக்கத்துல இருக்காரு, கைக்குட்டையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டே இருக்காரு. நான் இருக்குற பயத்துல என்ன சொன்னேன் தெரியுமா? "மேடம், என் பிள்ளைக காப்பி அடிக்கலை. மனப்பாடம் பண்ணியிருக்காங்க. வேணும்னா இப்பவே கூப்பிட்டு எழுதச் சொல்லுங்க, ஒரு எழுத்து மாறாது"ன்னுட்டேன். "சரி, எழுதச் சொல்லுவோம்"னு அந்தம்மா பதிவேட்டை எடுத்து அவங்களே பத்துப் பேரை டிக் அடிச்சாங்க. வாயைக் குடுத்து வம்பை வாங்குறதுன்னா இதுதான்.

அந்தப் பத்துல ஒம்போது பேரைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஆகா ஆகாம்பாங்க. பத்தாவது பேருதான். சங்கரேஸ்வரி.

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். குறை சொல்லலை. அவ அம்மா ஊருக்கு மேக்க இருக்குற காளவாசல்ல செங்கல் அறுக்குறா. லீவு நாள்ல இவளும் போவா. பிள்ளைக்கு ஒரு வியாதி. சொந்தமா எழுதிரும். கடிதம் எழுதுன்னா நான் குடுத்த கடிதத்தை விட்டுட்டு வேற எழுதும். கட்டுரைன்னா முன்னுரை, முடிவுரை ஒண்ணும் இருக்காது, நடுவுல இருந்து ஆரம்பிக்கும். அரையாண்டுத் தேர்வுல மழைப் படம் போட்டுருந்தாங்க. இவ என்ன எழுதியிருந்தா தெரியுமா? 'மழை பெய்தால் சுடாத பச்சைக்கல் கரைந்துவிடும். அன்றைக்கு அம்மா வீட்டில் இருப்பாள். அதனால் எனக்கு மழை பிடிக்கும். அம்மாவுக்குப் பிடிக்காது.' இதுக்கு என்னன்னு மார்க் போடுறது நீங்க சொல்லுங்க? இயைபு இல்லை, மோனை இல்லை. வாசிச்சேன். ரெண்டு தடவை வாசிச்சேன். அப்புறம் பூஜ்யம் போட்டேன்.

கோவத்துல போடலை தம்பி. பயத்துல போட்டேன். இந்தப் பிள்ளை பப்ளிக் பரீட்சையில இப்படி எழுதி வச்சு, திருத்துறவங்க சுழிச்சு விட்டுட்டா? அஞ்சு மார்க் போச்சுன்னா? முப்பத்தஞ்சு எடுக்கலைன்னா? கூப்பிட்டு முன்னாடி நிறுத்தி, "ஏம்மா, உனக்குத் தோணுறதைக் கேக்குறதுக்கு அங்க யாரும் உக்காந்திருக்கலை. அவங்ககிட்ட விடைக்குறிப்பு இருக்கும், அதுல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்"னு சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். பிள்ளை தலையை ஆட்டிக்கிட்டே கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒழுங்கா எழுத ஆரம்பிச்சிருச்சு. திருப்புதல் தேர்வு மூணுலேயும் ஆகா ஆகாதான். எனக்கு நிம்மதியாப் போச்சு.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. டீச்சர் கல்லு மனசுன்னு நினைக்கிறீங்க. ஐயோ, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன். காலேஜ்ல கவிதைப் போட்டியில கப்பு வாங்குனவ நான். வேலையில சேர்ந்த முதல் வருசம் என்ன செஞ்சேன் தெரியுமா? பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கண்மாய்க் கரைக்குப் போயி உக்கார வச்சு, "பாக்குறதை எழுதுங்க"ன்னு சொல்லுவேன். அதுக எழுதும் பாருங்க. ஒரு பய, கொக்கு ஒத்தக் கால்ல நிக்கிறது எங்க சார் வகுப்புல நிக்கிற என்னைய மாதிரி இருக்குன்னு எழுதுனான். சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த வருசம் அம்பது பேர்ல பத்தொம்போது பேரு ஃபெயிலு.

அப்புறம் ரிவியூ மீட்டிங். பெரிய மண்டபம். மாவட்டம் முழுக்க டீச்சருக, முன்னூறு பேரு இருக்கும். அப்ப இருந்த அதிகாரி மைக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு, எழுபது சதவீதத்துக்குக் கீழ இருக்குறவங்கள்லாம் மேடைக்கு வாங்கன்னாரு. பன்னெண்டு பேரு போனோம். ஒவ்வொருத்தரும் மைக்ல உங்க பேரையும் சதவீதத்தையும் நீங்களே சொல்லுங்கன்னாரு. எனக்கு முன்னாடி ஒரு சார் நின்னாரு. ஓய்வு பெற ரெண்டு மாசந்தான் இருந்துச்சாம். அவரு வேட்டி நடுங்குறது எனக்குத் தெரியுது. காத்துன்னு நினைச்சேன். ஃபேன்கூட இல்லை அங்க. அப்புறம் என் முறை. "ராஜகனி, அறுபத்திரெண்டு"ன்னு சொன்னேன். சத்தமான்னாரு. சத்தமாச் சொன்னேன். மதியச் சாப்பாடு வரைக்கும் உக்காரச் சொல்லலை.

அன்னைக்குத் திரும்பி வர்ற பஸ்ஸுலதான் அந்தப் பாட்டை எழுதுனேன். ஊரு வர்றதுக்குள்ள முடிச்சிட்டேன். அதுக்கப்புறம் வேற எதுவும் எழுதலை. தேவைப்படலை.

ஏய் அண்ணே, முத்துவேல் அண்ணே! என்ன அவசரமாப் போறீங்க? என்னது? பேப்பரா? யாருக்குப் பேப்பரு?

கேட்டீங்களா தம்பி? இந்த ஆபீஸ் பியூன் சொல்றாரு, உள்ள கூடுதல் பேப்பர் கேக்குறாங்களாம்! எதுக்குக் கூடுதல் பேப்பரு? ஆறு வரி தம்பி. அரைப் பக்கத்துக்கு மேல போகாது. எவ்வளவு பெரிய எழுத்தா எழுதினாலும் ஒரு பக்கம். ஒரு பிள்ளைதான் கேட்டுச்சுங்கிறாரு. ரெண்டாவது தடவையா கேக்குதாம். அவதான். வேற யாரு கேப்பா? அவளேதான்.

முருகா! நான் என்ன செய்வேன். காலையில பஸ்ல அம்புட்டுச் சொன்னேன் தம்பி. பத்துப் பேரையும் கடைசி சீட்டுல உக்கார வச்சு, "என்ன கேட்டாலும் சரி, எந்தப் படத்தைக் காட்டினாலும் சரி, நம்ம பாட்டுதான். ஒரு சொல்லு மாறக் கூடாது. மாறுச்சுன்னா நீங்க காப்பி அடிச்சதா ஆயிரும், டீச்சர் ஜெயிலுக்குப் போயிருவேன்"னு சொன்னேன். ஜெயிலெல்லாம் இல்லை, பயத்துல வந்துருச்சு. இருபது தடவை சொல்ல வச்சேன். கண்டக்டரே திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு, அவருக்கே மனப்பாடம் ஆயிருச்சு. அவ கையைத் தனியாப் பிடிச்சுக்கிட்டு, "சங்கரேஸ்வரி, உன்னையக் கும்பிட்டுக் கேக்குறேன்"னேன். "சரி டீச்சர்"னா. சரின்னு சொன்ன பிள்ளை இப்ப மூணாவது பேப்பர் வாங்கி எழுதுது.

அந்தப் பிள்ளைய மட்டும் உடம்பு சரியில்லைன்னு சொல்லி நிறுத்திருவோம்னு எச்.எம். சார்கிட்டக் கெஞ்சுனேன். அந்தம்மா கையெழுத்துப் போட்ட பட்டியல் டீச்சர், மாத்துனா இன்னும் சந்தேகம் வரும்னுட்டாரு. இப்பப் பாருங்க. ஒரு பிள்ளை வேற மாதிரி எழுதுச்சுன்னா போச்சு. மத்த நாள்ல சொந்தமா எழுதத் தெரிஞ்ச பிள்ளை பரீட்சையில மட்டும் எப்படி அதே பாட்டை எழுதுச்சு, யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னுதான் கேப்பாங்க. முப்பத்தேழு பிள்ளைக வருசம் போச்சு. என் வேலை போச்சு. என் வீட்டுக்காரருக்கு இன்னும் விசயம் தெரியாது தம்பி, வீட்டுல பயிற்சி வகுப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.



திரை ஆடுது. வெளிய வர்றாங்க. என்னையத்தான் கூப்பிடுறாங்க. தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. ஒண்ணும் இல்லை அதுல, தண்ணி பாட்டிலும் குடையும்தான்.

*

வந்துட்டேன் தம்பி. இன்னும் உங்களைக் கூப்பிடலையா? நல்லதாப் போச்சு, கொஞ்சம் இருங்க. மூச்சு வாங்கிக்கிறேன்.

அந்தம்மா படமே காட்டலை. பிள்ளைக கையில பேப்பரைக் குடுத்து, "பரீட்சை அன்னைக்கு என்ன நடந்துச்சு? காலையில இருந்து வீட்டுக்குப் போற வரைக்கும் உங்க போக்குல எழுதுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அம்புட்டுத்தான் கேள்வி. நான் போகும்போது மேஜையில பேப்பரெல்லாம் பரப்பி வச்சிருந்தாங்க. ஒம்போது பேப்பர்ல நம்ம பாட்டு. எனக்கு ஒரு நிமிசம் உசுரு வந்துச்சு. சொன்னபடி எழுதியிருக்காங்களே, ஒரு எழுத்து மாறலையேன்னு. "பாத்தீங்களா மேடம்!"னு கூடச் சொல்லிட்டேன்.

அந்தம்மா என் முகத்தைப் பாக்கலை. பேப்பரைப் பாத்துக்கிட்டே, "நான் கேட்டது இது இல்லையே டீச்சர்"னாங்க. முதல் வரிசையில இருந்த பாண்டியம்மாவைக் கூப்பிட்டு, "ஏம்மா, பரீட்சை நாளைப் பத்தித்தானே கேட்டேன், ஏன் எழுதலை?"ன்னாங்க. அவ எந்திரிச்சு நின்னு, "அதைப் பத்தி டீச்சர் இன்னும் ஒண்ணும் குடுக்கலை மேடம்"னுட்டா. நல்ல பிள்ளை. மரியாதையாத்தான் சொன்னா. அந்தம்மாவுக்கு ஏன் முகம் அப்படிப் போச்சுன்னு எனக்குப் புரியலை.

அப்புறம் கேட்டாங்க, "பிள்ளைக சொன்னாங்க, இன்னைக்குக் காலையில பஸ்ஸுல இருபது தடவை சொல்ல வச்சீங்களாமே? அப்படின்னா இந்த ஒம்போது பேப்பரை வச்சு நான் என்னத்தை நம்புறது?" அது எனக்குத் தோணவே இல்லை தம்பி. பிள்ளைக மறந்துரக் கூடாதேன்னு சொல்ல வச்சேன், அதுவே என் கழுத்துக்குக் கயிறாப் போச்சு.

அப்பத்தான் பத்தாவது பேப்பரை எடுத்தாங்க. மூணு பேப்பர், ரெண்டு பக்கமும் எழுதியிருக்கா. "இதை நீங்க கேக்கணும்"னு அவங்களே சத்தமா வாசிச்சாங்க. எழுதியிருக்கா தம்பி, எல்லாத்தையும் எழுதியிருக்கா. நான் திருநீறு பூசினது, பேனா குடுத்தது, பேனா மூடியில பல்லுத் தடம் இருந்தது, அது நான் கடிச்சதுதான்னு வரைக்கும். நான் தெருத் திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாளாம், அதுக்கப்புறம் டீச்சர் வரவே இல்லைன்னு எழுதியிருக்கா. ஹாலுல இருந்த சார் யாருக்கும் ஒண்ணும் சொல்லிக்குடுக்கலை, ஜன்னல் ரெண்டும் கிணத்துப் பக்கம், அங்க ஆளு நிக்க இடமே கிடையாது, முள்ளுதான் கிடக்குன்னு எழுதியிருக்கா. அந்தம்மா அந்த இடத்துல நிறுத்தி, எச்.எம். சாரைப் பாத்து "அப்படியா?"ன்னாங்க. அவரு, "ஆமா மேடம், கருவேல முள்ளு"ன்னாரு. ஒரு வாரமா அந்த மனுசனுக்கு இது தோணலை பாருங்க. எனக்கும் தோணலை.

அப்புறம் படத்தைப் பத்தி எழுதியிருந்தா. அந்தப் பிள்ளை தலையில சும்மாடு இல்லையாம். துணியைச் சுருட்டித் தலையில வச்சு அது மேலதான் கல்லை அடுக்குவாங்களாம். சும்மாடு இல்லாம வெறுந்தலையில செங்கலைத் தூக்கினா ரெண்டு நடைகூடப் போக முடியாது, வரைஞ்சவங்க கல்லு சுமக்குறதைப் பாத்ததில்லை போலன்னு எழுதியிருக்கா. 'எனக்கு அதை எழுதணும் போல இருந்தது. ஆனால் அதற்கு மார்க் உண்டா என்று தெரியாது. டீச்சர் பாட்டுக்கு மார்க் உண்டு. அதனால் ஆகா என்று எழுதினேன். எழுதும்போது எங்கம்மா பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.'

வாசிச்சு முடிச்சிட்டு அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சாங்க. அப்புறம், "இது ஒண்ணு போதும் டீச்சர். யாரும் காப்பி அடிக்கலை. நாளைக்கே முப்பத்தேழு பேருக்கும் ரிசல்ட் விடச் சொல்றேன்"னாங்க.

ஆமா தம்பி! விட்டுட்டாங்க! பிள்ளைக தப்பிச்சிருச்சு! எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. பாண்டியம்மா எல்லாம் கை தட்டுது. நான் சங்கரேஸ்வரியைத் திரும்பிப் பாத்தேன். அவ என்னையப் பாக்கலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "டீச்சர், மாத்தி எழுதிட்டேன், மன்னிச்சிருங்க"ன்னா. கட்டிப் பிடிச்சிருக்கணும், தெரியுது. ஆனா உண்மையைச் சொல்றேனே, எனக்குக் கோவந்தான் வந்துச்சு. சொன்னதைக் கேக்கலையே. கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பத் தெரியுது. இருந்தாலும் வந்துச்சு.

என் கதை இன்னும் முடியலை. பதினேழு பி இன்னும் மேஜை மேலதான் கிடக்கு. அந்தம்மா ஒரு வெள்ளைப் பேப்பரை என் கையில குடுத்து, "பிள்ளைக விசயம் முடிஞ்சுது. உங்க விளக்கம் வேணும். ஏன் இப்படிச் சொல்லிக்குடுத்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதுங்க. ஒரு மணிக்குள்ள. அதைப் பாத்துட்டுத்தான் மெமோ குடுக்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்"னாங்க. எச்.எம். சார் உடனே போனை எடுத்தாரு. அவருகிட்ட மெமோவுக்கு விளக்கம் எழுதுற மாதிரி நாலஞ்சு இருக்கு. எல்லா டீச்சரும் அதைப் பாத்துத்தான் எழுதுறது, பேரையும் தேதியையும் மாத்திக்கிட்டாப் போதும். அந்தம்மா பாத்துட்டாங்க. "சார், போனை உள்ள வைங்க. டீச்சர், உங்க சொந்த வார்த்தையில வேணும்"னுட்டாங்க.

மணி என்ன ஆச்சு? பன்னெண்டே முக்காலா? ஐயோ. இந்தா, அனுப்புநர் எழுதிட்டேன், பெறுநர் எழுதிட்டேன், பொருள் எழுதிட்டேன். மதிப்பிற்குரிய அம்மா போட்டாச்சு. அதுக்குக் கீழ 'பணிவுடன்'னு எழுதுனேன். அதோட நிக்குது பேனா. மேடையில நின்னதை எழுதலாமான்னு பாத்தேன். அதை எழுதினா அதிகாரியைக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிருமோ? பிள்ளைக நல்லதுக்குன்னு எழுதலாமா? அப்படின்னா சங்கரேஸ்வரிக்குப் போட்ட அந்தப் பூஜ்யம் எதுக்குன்னு கேப்பாங்க. எது சரியான விடைன்னே தெரியலையே தம்பி. அவங்க மனசுல என்ன வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா அதை எழுதிறலாம். நீங்களாவது சொல்லுங்களேன், என்ன எழுதினா விடுவாங்க? உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்.

இருங்க, இருங்க, அவ வர்றா.

என்னம்மா சங்கரேஸ்வரி? தண்ணியா? வேண்டாம்மா, எனக்குத் தாகம் இல்லை. என்னது? இல்லை, இல்லை, எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். நிறைய எழுதிட்டேன். நீ போயி அவங்களோட உக்காரு. இங்க நிக்காத. போம்மா, போ.

போயிட்டாளா? தம்பி, நான் பேப்பர் மேல கையை வச்சு மறைச்சதைப் பாத்துட்டாளா? அவ நின்ன பக்கத்துல இருந்து தெரிஞ்சிருக்குமா? சொல்லுங்க தம்பி, பாத்துருப்பாளா?